அன்னத்தின் வாலில் தொங்கிய கடல்காரன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்தெட்டு வருடமாக முல்லைத்தீவுக் கடலில் தொழில் செய்கிறேன். ஒருநாளும் வள்ளத்திலிருந்து தண்ணீருக்குள் விழுந்ததில்லை. சோளகக் காற்றில் விழவில்லை, வாடைக் காற்றில் விழவில்லை, எஞ்சின் பழுதாகி அலை எங்களைப் பந்தாடிய நாளிலும் விழவில்லை. நான் விழுந்தது ஒரேயொரு தடவைதான். அது நுவரெலியாவில், காலால் மிதித்து ஓட்டுகிற ஒரு அன்னத்திலிருந்து. இதை யாருக்கும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள ஆசைதான். ஆனால் எங்கள் கரையில் தெரியாதவர் ஒருவரும் மிச்சமில்லை.

இது என் மனைவி மெற்றில்டாவின் பயணம். நான் அதில் ஒட்டிக்கொண்டு போனவன், அவ்வளவுதான்.

கடல் எழும்பினால் எனக்கு லீவு. கரையிலுள்ள வாடிக் கொட்டிலில் படுத்துக்கொண்டு, பிடித்த மீனையும் பிடிக்காத மீனையும் சேர்த்து அளந்துவிடுவேன். அவளுக்கு அப்படி லீவு தருவதற்கு ஒருத்தரும் இல்லை. மழை இருட்டினால் கருவாட்டை உள்ளே அள்ளவேண்டும், வெயில் வந்தால் வெளியே பரப்பவேண்டும், இடையில் கிழிந்த வலை பொத்தவேண்டும், பிள்ளைகள் இரண்டு, ஆடுகள் ஐந்து, இவற்றோடு நான். கல்யாணம் முடித்துப் பத்தொன்பது வருடத்தில் அவள் இரண்டே தடவைதான் லீவு எடுத்திருந்தாள். இரண்டும் பிள்ளைப்பேறு.

“ஏன், ஒவ்வொரு ஆவணியும் மடு மாதா கோயில் திருநாளுக்குக் கூட்டிக்கொண்டு போறன்தானே?” என்று ஒருநாள் பெருமையாகக் கேட்டுவிட்டேன். (கேட்டிருக்கக் கூடாது.)

“அது பயணமோ? இஞ்ச சமைக்கிறதை அங்க மூண்டு கல்லு வைச்சுச் சமைக்கிறன். உங்கட சொந்தக்காரர் இருபது பேர் கூட. அவ்வளவுதான் வித்தியாசம்.”

எங்கள் குசினிச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. ஏப்ரல் மாதத் தாளில் நுவரெலியா வாவி, பனிமூட்டம், வெள்ளை அன்னப் படகுகள். அந்தத் தாளை அவள் திருப்பவேயில்லை. மூன்று வருடமாக எங்கள் வீட்டில் ஏப்ரல்தான். ஆடு மாடு பற்றிக் கதைப்பது போலச் சாதாரணமாக ஒருநாள் சொன்னாள்: “அந்தக் குளிருக்குள்ள இருந்து, ஆரோ ஊத்தித் தாற தேத்தண்ணியைக் குடிக்கவேணும். குடிச்ச கோப்பையையும் நான் கழுவக்கூடாது.”

அதைக் கேட்டபிறகு அந்தக் கலண்டரை நானும் பார்க்கத் தொடங்கினேன். அந்தத் தை மாதம், கடல் இன்னும் அடங்காத நேரம், மூன்று நாள் போவோம் என்று முடிவெடுத்தேன். என் தங்கை வந்து வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தாள். மெற்றில்டா ஒரேயொரு நிபந்தனை வைத்தாள்.

“மூண்டு நாளைக்கு நான் ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யமாட்டன். சமைக்கமாட்டன், தோய்க்கமாட்டன், தைலம் பூசிவிடமாட்டன். ஓமோ?”

“ஓம். அந்தோனியார் மேல ஆணை.”

அதற்கு முதல், சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து நாங்கள் போன தூரப் பயணங்களிலெல்லாம் எங்கே போகிறோமென்று தெரியாமல்தான் மூட்டை கட்டினோம். மடுவை விட்டால், திரும்பி வரும் நாளைத் தெரிந்துகொண்டு அவள் பை அடுக்கியது அதுதான் முதல் தடவை. கனடாவிலிருந்து அவளுடைய அக்கா அனுப்பிய ரோஸ் நிறச் சுவெற்றரை அலுமாரியிலிருந்து எடுத்தாள். முன்பக்கம் முழுக்கப் பூ.

“உங்களுக்கும் ஒண்டு ஆரிட்டையும் வாங்கி வைக்கட்டே?”

“எனக்கோ? விடியக் கருக்கலில கடல் காத்துக்குள்ள நிக்கிறவனுக்கு நுவரெலியாக் குளிர் என்ன செய்யும்?” என்றேன். வாயைக் கொஞ்சம் மூடி வைத்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

வவுனியாவில் ஒரு பஸ் மாறி, கண்டியில் இன்னொரு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை தங்குமிடத்தில் தேத்தண்ணி வந்தது. மெற்றில்டா ஜன்னலோரம் இருந்து மெதுவாகக் குடித்தாள். குடித்து முடித்ததும் அவள் கை தன்பாட்டில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு தண்ணிப் பைப்பைத் தேடிப் புறப்பட்டது. பாதிவழியில் நின்று, கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, வெற்றிபெற்றவள் போல என்னைப் பார்த்தாள். எனக்குப் பல் கிட்டியது. குளிர்தான். காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு வாவிக்குப் போனோம். படகு கொடுக்கிறவர் மலைநாட்டுத் தமிழர், என் வயதிருக்கும்.

“அண்ணே, ரெண்டு பேரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கங்க.”

“நான் கடல்காரன், அண்ணை. முல்லைத்தீவு.”

“சந்தோசம் அண்ணே. போட்டுக்கங்க.”

போட்டேன். போட்டுக்கொண்டே, இப்படியான குளத்தை எங்கள் ஊரில் நாங்கள் கால் கழுவப் பாவிப்போம் என்று வரிசையில் நின்றவர்களெல்லாம் கேட்கச் சொன்னேன். அரை மணித்தியாலம் தந்தார்கள். அன்னத்தில் ஏறினோம். அவள் மிதித்தாள், நான் மிதித்தேன், மிதித்தபடி காற்று, நீரோட்டம், ஆழம் எல்லாவற்றையும் பற்றி அவளுக்கு வகுப்பெடுத்தேன்.

பத்து நிமிடம் போயிருக்கும். கொஞ்சத் தூரத்தில் தண்ணீர் ஒரு பாய் அகலத்துக்குக் கறுத்து, மேலே சிலிர்த்தது. மீன்! அதைக் கண்டால் வள்ளத்தின் விளிம்பில் ஒரு காலை வைத்து எழுந்து நிற்பது எங்கள் பழக்கம். கண் கண்டால் கால் எழும்பிவிடும், மூளையைக் கேட்காது.

“எழும்பாதேங்கோப்பா! ஆர் இஞ்ச மீன் பிடிக்க வந்தது?” என்று அவள் கத்தியது கேட்டது. அதற்குள் நான் அன்னத்தின் செட்டையில் கால் வைத்திருந்தேன். செட்டை வழுக்கியது.

அந்தத் தண்ணீரின் குளிரை எழுத எனக்குத் தெரியாது. முப்பாட்டன் வரைக்கும் எல்லாரையும் கூப்பிட்டேன். நீந்தத் தெரிந்தவன்தான், ஆனால் கைகால் ஒன்றும் என் சொல் கேட்கவில்லை. அன்னத்தைப் பிடித்து ஏறப் பார்த்தேன், அது என் பக்கம் சரிந்தது. மெற்றில்டாவுக்கு நீச்சல் தெரியாது. கரையில் பிறந்து வளர்ந்தவள்தான், ஆனாலும் கடலுக்குள் இறங்க அவளுக்கு நேரம் எப்போது கிடைத்தது? மற்றவர்கள் என்றால் அலறியிருப்பார்கள். அவள் என் விரலில் ஒரு அடி வைத்தாள்.

“விடுங்கோ, கவிட்டுப் போடுவியள்! பின்னால போய் வாலைப் பிடியுங்கோ.”

பிடித்தேன். அவள் காற்று வரும் பக்கத்தைப் பார்த்து, அன்னத்தின் மூக்கை அந்தப் பக்கம் திருப்பி, தனியே மிதிக்கத் தொடங்கினாள். நான் பத்து நிமிடமாக வகுப்பெடுத்தும் நேரே போகாத அன்னம், அவளுக்கு நூல் பிடித்தாற்போல் போனது. வாலில் நான். கரையில் கூட்டம். எல்லாருடைய கையிலும் போன்.

கரையேறியதும் உடம்பு உதறியது. “மெற்றில்டா, அறைக்குப் போவம். கசாயம் ஒண்டு வைச்சுத் தா. தைலமும் பூசவேணும்” என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்ததும்தான் நான் என்ன கேட்டேனென்று எனக்கு உறைத்தது. பத்தொன்பது வருடத்தில் கிடைத்த மூன்று நாள். அதையும் நான் வழமையான நாளாக்கப் பார்க்கிறேன். அவள் மட்டும் அப்போது “சரி, வாங்கோ” என்று சொல்லியிருந்தால், இன்றைக்கும் என்னால் அவள் முகத்தில் முழித்திருக்க முடியாது.

நல்லவேளை, அவள் மெற்றில்டா.

தன் சுவெற்றரைக் கழற்றி என் தலையால் மாட்டிவிட்டாள். பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரரைக் கூப்பிட்டாள். “அண்ணை, இவருக்குச் சுடச்சுட இஞ்சித் தேத்தண்ணி குடுங்கோ. அடுப்புக்குக் கிட்ட இருத்துங்கோ.” பிறகு படகுக்காரரிடம் திரும்பி, “இன்னும் எங்களுக்கு நேரம் கிடக்குத்தானே?” என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். அவள் சேலையைக் கொஞ்சம் உயர்த்திச் செருகிக்கொண்டு திரும்ப அன்னத்தில் ஏறினாள்.

பூப்போட்ட ரோஸ் சுவெற்றருக்குள் இருந்துகொண்டு நான் பார்த்தேன். நடு வாவியில் போய் மிதிப்பதை நிறுத்தினாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அவள் சும்மா இருந்து நான் கண்டதே இல்லை. என் மனைவி எவ்வளவு வடிவு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைக்காரரிடமும் அதைச் சொன்னேன். “தேத்தண்ணி ஆறுது அண்ணே” என்றார் அவர்.

படகுக்காரர் எடுத்த படம் எங்கள் வீட்டுச் சுவரில் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது: முன்னால் மெற்றில்டா, பின்னால் ஒரு தலை. வருகிறவர்களுக்கு என் மகள்தான் விளக்கம் சொல்லுவாள்: “அம்மா பிடிச்சதிலயே பெரிய மீன். எழுபத்தெட்டுக் கிலோ. ஆனா விலைபோகாது.”

இப்போது ஒவ்வொரு தையிலும் மெற்றில்டாவும் எங்கள் கரைப் பெண்கள் நாலு பேரும் ஒரு வான் வண்டி பிடித்து மூன்று நாள் எங்கேயாவது போய்வருகிறார்கள். கருவாடு காயவைக்கிறதும் ஆட்டுக்குக் குழை ஒடிக்கிறதும் நான். நான் காயவைக்கும் கருவாடு நாறுகிறதென்று அவள் வந்து சொல்லுவாள்; கருவாடு நாறாமல் என்ன செய்யும்? இந்த வருடமும் பையோடு வானில் ஏறும்போது பக்கத்து வீட்டு றீற்றாக்கா கேட்டார், “ஏன் பிள்ளை, அவரையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போவன்?”

மெற்றில்டா கதவைச் சாத்திக்கொண்டே சொன்னாள்: “அவர் வந்தா நான் இழுக்கவேணும், அக்கா. நான் லீவில போறன்.”