என் பல் ஆஸ்பத்திரி சித்திரவதைக் கூடமல்ல, மாப்பிள்ளை

மேன்மை பொருந்திய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் மாமியார் நலம். அங்கே என் மகளும் குழந்தையும் நலம் என்று அறிந்தேன், சந்தோஷம். நான் நலமாக இல்லை. அதற்குக் காரணம் நீங்கள்.

போன மாதம் ஆஸ்பத்திரியைப் புது இடத்துக்கு மாற்றியபோது, "யார் வேணும்னாலும் வரையற திறந்த வரைபடம் ஒண்ணு இருக்கு மாமா, அதுல உங்க பேரை நானே போட்டுடறேன்" என்றீர்கள். போட்டீர்கள். எப்படிப் போட்டீர்கள்? எனக்கு முன்னால் இந்தக் கட்டடத்தில் சித்திரவதைக் கருவிகளின் அருங்காட்சியகம் இருந்தது. அவர்கள் காலி செய்துகொண்டு ஆற்றுக்கு அப்பால் போய்விட்டார்கள். நீங்களோ புதுப் புள்ளி வைக்கச் சோம்பல்பட்டு, வரைபடத்தில் அவர்களுடைய பழைய புள்ளியிலேயே பெயரை மட்டும் மாற்றிவிட்டீர்கள். அந்தப் புள்ளியோடு ஒட்டிக்கொண்டிருந்த இணையக் கலைக்களஞ்சிய இணைப்பு அப்படியே என் தலையில் விடிந்தது. இப்போது யாராவது வரைபடத்தில் என் ஆஸ்பத்திரியைத் தொட்டு விவரம் கேட்டால், "இங்குள்ள நாற்காலியில் கைதிகளைக் கட்டிவைத்து உண்மையை வரவழைத்தார்கள், அலறல் வெளியே கேட்காதிருக்கச் சுவர்கள் தடிமனாகக் கட்டப்பட்டன" என்று வருகிறது. பல்வலிக்காரன் இதைப் படித்துவிட்டு உள்ளே வருவானா? நேற்று ஒரு அம்மாள் வாசல்வரை வந்தார், கைப்பேசியைப் பார்த்தார், என் நாற்காலியைப் பார்த்தார், "வலி போயிடுச்சு டாக்டர்" என்று சொல்லிவிட்டு வீங்கிய கன்னத்தோடு படியிறங்கிப் போனார். துணிந்து உள்ளே வருகிறவர்களோ கேமராவோடு வருகிறார்கள். "டிக்கெட் எங்கம்மா வாங்கணும்?" என்று நர்ஸைக் கேட்கிறார்கள்.

இப்படியே போனால் கடையைக் கட்டவேண்டியதுதான் என்று உங்களுக்குப் போன் செய்தால், "எல்லாரும் திருத்தலாம் மாமா, நீங்களே பண்ணுங்க" என்கிறீர்கள். பண்ணினேன். இணைப்பை எடுத்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முகம் தெரியாத ஒரு புண்ணியவான் "காரணமின்றி நீக்கப்பட்டுள்ளது" என்று எழுதித் திரும்ப ஒட்டிவிட்டார். சரி, கலைக்களஞ்சியத்தையே திருத்துவோம் என்று "தற்போது இங்கே வலியில்லாமல் பல் பிடுங்கப்படும்" என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். விளம்பரம் செய்கிறேனாம். இனி நான் அங்கே ஒரு எழுத்துகூட எழுத முடியாதபடி தடுத்துவிட்டார்கள்! அலறலுக்கு ஆதாரம் கேட்காதவர்கள் என் வலியில்லாமைக்கு ஆதாரம் கேட்கிறார்கள். வயிறு எரிகிறது மாப்பிள்ளை.

வரைபடத்தில் ஊரிலுள்ள இணைப்பையெல்லாம் சரிபார்க்கிறவர் என்று என் மகள் உங்களைப் பற்றிப் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்கிறாள். முதலில் மாமனாருடையதைச் சரிபாருங்கள். அதை வேரோடு பிடுங்கி ஆற்றுக்கு அப்பால் நடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவை வரும்போது உங்கள் கடைவாய்ப் பல்லை நான் பார்க்கவேண்டியிருக்கும்.

மகளுக்கும் பேரக்குழந்தைக்கும் என் மனமார்ந்த ஆசிகள். உங்களுக்கும்தான், கொஞ்சம் குறைத்து.

இப்படிக்கு,
மாமனார்
(பல் டாக்டர் மட்டும்)

பி.கு.: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் அந்த அருங்காட்சியகத்தின் காப்பாளரே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். அவர் பல்லைக் காட்டாமல் என் கருவித் தட்டைக் காட்டினார். "டாக்டர், அந்தக் குறடு எங்களோடது. சாமான் ஏத்தறப்போ தொலைஞ்சுபோச்சுன்னு தேடாத இடமில்லை" என்றார். இங்கே வந்த அன்று அலமாரியில் கிடந்தது. நல்ல இரும்பாக இருக்கிறதே என்று அதை வைத்துத்தான் இதுவரை எல்லோருக்கும் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். ஆகவே மாப்பிள்ளை, இணைப்பில் கைவைக்க வேண்டாம். குறடு இங்கே இருக்கிறவரைக்கும் கலைக்களஞ்சியம் சொல்வது சரிதான்.