நீலகிரித் தைலமும் பாய்லர் குழாயும்

சேசு மரி சூசை துணை
புதுச்சேரி, 12 மார்ச் 1936

மரியாதைக்குரிய மச்சான் தனிஸ்லாஸ் அவர்களுக்கு அமலநாதன் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் தங்கள் தங்கை ரோசாவும் சுகம். காரைக்காலில் தாங்களும் பிள்ளைகளும் சுகமென்றே நம்புகிறேன்.

"மாப்பிள்ளை, தைலப் பைத்தியத்தை விட்டு வேலையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். வேலையைக் காப்பாற்றத்தான் மச்சான் இந்தப் பைத்தியமே! ஆலையில் பாய்லர் குழாய்களைத் திராவகத் தொட்டியில் ஊறப்போட்டுத் துரு போக்குவது என் வேலை. அந்தத் திராவகமோ துருவைத் தின்றதும் கைகழுவி எழுந்திருக்காமல் எஃகையும் தின்னத் தொடங்குகிறது. போன மாதம் இரண்டு குழாய் ஓட்டை. மூன்றாவது ஓட்டையானால் வீட்டுக்குப் போகலாம் என்று பிரெஞ்சுக்கார எஞ்சினியர் முசியே சொல்லிவிட்டார். அன்றைக்குச் சளிக்காக மடியில் வைத்திருந்த நீலகிரித் தைலம் திராவக வாளியில் கவிழ்ந்தது. மறுநாள் பார்த்தால் அதில் கிடந்த எஃகுத் துண்டு அவ்வளவாகக் கரையவில்லை! விடுவேனா? வீட்டில் இரண்டு ஜாடியில் திராவகம் ஊற்றி ஜாடிக்கொரு ஆணி போட்டு, ஒன்றில் மட்டும் தைலம் விட்டேன். வீடெல்லாம் நெடி, என் சட்டையெல்லாம் நெடி, பூசையில் பக்கத்திலிருப்பவர்கள் தள்ளி முழங்காலிடுகிறார்கள், ஆலையில் ராஜாங்கம் மேஸ்திரி தினமும், "இன்னா அமலநாதா, சளி இன்னும் போவலியா?" என்கிறார். பேசட்டும். ஒரே வாரத்தில் தைலமில்லாத ஆணி குண்டூசியாகிவிட்டது, தைல ஆணி போட்டது போட்டபடி! இரண்டையும் முசியே மேஜைமேல் வைத்தேன். "ஒரு குழாயைத் தைலம் விட்டு முக்குகிறேன். சனிக்கிழமை ஓட்டை இருந்தால் நானே வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன்" என்று எல்லார் முன்னிலும் சொன்னேன். இன்று காலை குழாயை முக்கிவிட்டேன். எவர் சொன்னாலும் இனி நான் பின்வாங்குவதாயில்லை.

பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். தங்கள் வீட்டைத் தேவதாய் காப்பாளாக.

இப்படிக்கு,
அமலநாதன்

பின்குறிப்பு: கடிதத்தை ரோசாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மாதா கைவுடல பாத்தீங்களா! நீங்க ஆலைக்குப் போனதும் தெனம் அந்தத் தைல ஜாடில ரெண்டு அகப்பை திராவகத்த மொண்டு கொட்டிட்டு, வில்லியனூர் மாதா கொளத்துத் தண்ணிய அதே அளவு ஊத்தி வச்சேன். சொன்னா ஏசுவீங்கன்னு சொல்லல" என்கிறாள். எனக்காக வேண்டிக்கொண்டாளே என்று கண் கலங்கியது. அடுத்த நொடிதான் உறைத்தது: ஆணி கிடந்தது தண்ணீர் கலந்து நீர்த்துப்போன திராவகத்தில்! மச்சான், குழாய் இப்போது வெறும் தைலத்தை நம்பித் திராவகத்தில் கிடக்கிறது! "அதுக்கு ஏன் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கினு? தொட்டிலயும் ஊத்திட்டாப் போச்சு" என்று ரோசா குடத்தோடு வில்லியனூருக்குக் கிளம்பிவிட்டாள். தொட்டி நாற்பது குடம் கொள்ளும். இன்னொரு குடத்தை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போகிறேன்.