மாப்பிள்ளையைச் சாகடித்த கரும்பலகை

வரலாறு படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவன் கையில் யாரும் சாக்பீஸைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் குடும்பமே சாட்சி.

எண்பதுகளின் நடுவில், திண்டிவனத்தில், நான் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் மூன்று வேளையும் தின்றுகொண்டு, மீதி நேரத்தில் தெருமுனைப் படிப்பகத்தில் உட்கார்ந்து நாட்டு நடப்பைக் கண்டித்துக்கொண்டிருந்தேன். அந்தப் படிப்பகத்தின் பரணில் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய உள்ளூர் வாரப் பத்திரிகைகள் மூட்டையாகக் கிடந்தன. பிரித்துப் படித்தேன். பெருமுக்கல் மலையில் சிறுத்தை நடமாட்டம். அனந்தபுரம் சந்தையில் மாடு முட்டித் தரகருக்குக் காயம். விழுப்புரத்தில் டூரிங் டாக்கீஸ் கொட்டகை காற்றில் பறந்தது. அடடா, நம் பக்கத்திலும் இவ்வளவு நடந்திருக்கிறதா என்று நெஞ்சு விம்மியது. (அப்போது என் நெஞ்சு இருந்த அளவுக்கு அது பெரிய விம்மல் இல்லை.)

வாசல் கரும்பலகையில், 'ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியில்' என்று மேலே தலைப்புப் போட்டு, வாரம் ஒரு செய்தி எழுத ஆரம்பித்தேன். பத்திரிகையில் இருந்தது இருந்தபடியே எழுதுவேன். 'நேற்று' என்று அச்சில் இருந்தால் பலகையிலும் 'நேற்று'தான்.

"தம்பி, எப்பவோ நடந்ததுக்கு இன்னாத்துக்கு நேத்துன்னு எழுதறே?" என்று படிப்பகச் செயலாளர் கேட்டார்.

"ஆவணத்துல கை வைக்கக் கூடாது சார்" என்றேன்.

என்ன திமிர்! அந்த மனுஷன் அன்றைக்கே என் செவிட்டில் ஒன்று விட்டிருந்தால் என் அக்காவின் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும். பாவம், நல்லவர், தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா வளர்மதிக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை முகையூர்க்காரர், விழுப்புரத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை, பெயர் ந. தணிகாசலம். பெண் பார்க்க வந்த அன்று அவரோடு வந்த கூட்டமெல்லாம் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் அக்காவைப் பார்த்து, "நீங்க சாப்டீங்களா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் அக்காவை அப்படிக் கேட்ட ஆண்பிள்ளை கிடையாது, நான் உட்பட. அன்றைக்கே அக்கா அவரைக் கட்டிக்கொண்டுவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். தாலிதான் பாக்கி.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் பழைய பத்திரிகை ஒன்றில் அந்தச் செய்தி கண்ணில் பட்டது. 'முகையூர் ந. தணிகாசலம் அவர்கள் நேற்று மாலை மாரடைப்பால் காலமானார். அன்னாரின் பிரிவால் சுற்றுவட்டாரமே துயரில் ஆழ்ந்தது.' மாப்பிள்ளையின் தாத்தா! எங்கள் பக்கத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள். தாத்தா தணிகாசலம், அவர் மகன் நடேசன், பேரன் தணிகாசலம். தாத்தாவின் அப்பாவும் நடேசன்தான் என்பதால் இனிஷியல்கூட மாறவில்லை. சம்பந்தி வீட்டார் அந்தக் காலத்திலேயே பேப்பரில் வந்தவர்கள் என்று ஊருக்குக் காட்ட வேண்டாமா? கொட்டை எழுத்தில் பலகை நிறைய எழுதிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மண்டியில் கணக்கு எழுதும் அப்பா, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தார்.

"மோசம் போயிட்டோம்டி! மாப்பிள்ளை போயிட்டாரு! மாரடைப்பாம்!"

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் சோற்றில் கையை வைத்துக்கொண்டு கதறி அழுதேன். நன்றாகக் கவனியுங்கள், நான் எழுதிய செய்தியைக் கேட்டு நானே அழுதேன். எப்படித் தெரியும் என்று அப்பாவிடம் கேட்கவில்லை. ஆவணம், ஆதாரம் என்று ஊருக்குப் பாடம் எடுத்தவன்!

பக்கத்து வீட்டிலிருந்த அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, ஓடி வந்தாள். வந்த வேகத்தில் அக்காவின் தலையிலிருந்த கனகாம்பரத்தைப் பிடுங்கிப் போட்டாள். "இன்னும் இன்னாத்துக்குடி உனக்கு இது? வாக்கப்படறதுக்கு முன்னாடியே முழுங்கிட்டியே!" அக்கா அழவில்லை. சுவரோரம் உட்கார்ந்துகொண்டு கீழே கிடந்த பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தையைப் பற்றி இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அக்காவுக்குத் துணையாக எதிர் வீட்டுப் பாட்டியை உட்காரவைத்துவிட்டு, ரோஜா மாலை ஒன்றை வாங்கிக்கொண்டு, நாங்கள் நாலு பேரும் விழுப்புரம் போய் அங்கிருந்து முகையூர் பஸ் பிடித்தோம். மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் நுழையும்போதே மூங்கில் நட்டுப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். "பந்தலே போட்டுட்டாங்களே!" என்று அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். (கல்யாணப் பந்தல்!) அத்தை ஒப்பாரியை எடுத்தாள். அவளுக்கு அது கைவந்த கலை.

சத்தம் கேட்டு வெளியே வந்த சம்பந்தி நடேசன் ஒன்றும் புரியாமல் நின்றார். அப்பா ஓடிப் போய் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருப்பார்போல.

"மனச தேத்திக்கங்க சம்பந்தி. நம்ம கையில இன்னா இருக்குது? எப்படியோ, எம்பொண்ணு கழுத்துல தாலி ஏர்றதுக்கு முந்தியே போயிட்டாரே, அந்த மட்டுக்கும் கடவுள் எங்களக் காப்பாத்திட்டாரு."

"யாரு மாமா போயிட்டது?" என்று மேலிருந்து ஒரு குரல் கேட்டது.

அண்ணாந்து பார்த்தோம். சுவரில் சாத்திய ஏணியின் உச்சியில், கையில் சுண்ணாம்பு மட்டையோடு, தலையெல்லாம் வெள்ளையாக மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். தன் கல்யாணத்துக்குத் தானே வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார். அத்தையின் ஒப்பாரி பாதி ராகத்தில் நின்றது. மாலை என் கையில் இருந்தது. அதை எங்கே ஒளிப்பது?

"யாருய்யா சொன்னது உங்களுக்கு?" என்று நடேசன் கத்தினார்.

"திண்டிவனத்துல படிப்பகப் பலகையில எழுதிக்கீதுங்க. மண்டிக்கு வந்த ஆளு படிச்சிட்டு வந்து சொன்னான்" என்றார் அப்பா.

"அது... அது நான் பழைய பேப்பரப் பாத்து எழுதனதுங்க. இவரு இல்லீங்க. உங்கப்பாங்க" என்றேன்.

"எங்கப்பன் செத்து அம்பது வருஷமாச்சு. அதுக்கு இப்ப மாலை எடுத்துக்கினு வர்றீங்களா?"

(பிறகுதான் தெரிந்தது. மறுநாள் கரண்ட் இருக்காது என்று அறிவிக்க, செயலாளர் என் தலைப்பை மட்டும் அழித்து அந்த இடத்தில் எழுதியிருக்கிறார். 'நாளை மின்தடை. முகையூர் ந. தணிகாசலம் அவர்கள் நேற்று மாலை மாரடைப்பால் காலமானார்.')

மாப்பிள்ளை ஏணியை விட்டு இறங்கி வந்தார். கோபமே இல்லை முகத்தில். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"பையன் எழுதனது பரவாயில்லீங்க மாமா. தெரியாம பண்ணிட்டான். ஆனா நான் செத்துட்டேன்னதும் உங்களுக்கு ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க..." அவர் முடிக்கவில்லை. வீட்டுக்குள் போய்விட்டார்.

அப்பா அப்போதாவது வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என்னை ஓங்கி அறைந்தார். ஊர் பார்க்க அறை வாங்கியது எனக்கு வலிக்கவில்லை. அறைந்ததோடு கணக்குத் தீர்ந்துவிட்டது என்று அவர் நினைத்தாரே, அதுதான் இன்றுவரை ஆறவில்லை. "தாம்பூலத்தட்டு நாளைக்கே திரும்பி வந்துடும். கெளம்புங்க ஜல்தி" என்றார் நடேசன்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா அதே சுவரோரம்தான் இருந்தாள். நான்தான் சொன்னேன்.

"உசுரோட இருக்காரா?" என்றாள்.

"இருக்காருக்கா. வெள்ளையடிச்சிக்கினு இருந்தாரு. ஆனா கல்யாணம்..."

"உசுரோட இருக்காரில்ல?" என்று மறுபடியும் கேட்டாள். அதற்கப்புறம்தான் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்பது எனக்கு மட்டும்தான் புரிந்தது. மற்றவர்கள் சம்பந்தம் போன துக்கம் என்று தேற்றினார்கள்.

ராசியில்லாதவள் என்ற பேரோடு சில வருஷம் கிடந்து, கடைசியில் அனந்தபுரத்தில் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள். கெட்டவர் இல்லை. அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு இலையை யார் எடுப்பது என்று யோசிக்காதவர், அவ்வளவுதான். அப்பா சாகும்வரை, "எல்லாம் இவன் எழுத்தால வந்த பேஜாரு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தான் சொன்னதை அவர் ஒருநாளும் சொல்லவில்லை.

இப்போது அது குடும்பத் தமாஷ். நான் எந்தச் சாவுச் செய்தி சொன்னாலும், "ஏணி மேல பாத்தியா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அதைக் கேட்காத கல்யாணம், காதுகுத்து எங்கள் வீட்டில் கிடையாது.

போன வருஷம் அக்காவின் பேத்திக்குக் காதுகுத்து. விழுப்புரத்தில் பஸ் மாறும்போது சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தேன். முகையூர் ந. தணிகாசலம். நரைத்த தலையோடு போட்டோ. பந்தலில் போய் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சின்னதுகளிலிருந்து பெரியவர்கள்வரை ஒரே குரலில், "ஏணி மேல பாத்தியா?" என்று கத்தினார்கள். அக்கா வீட்டுக்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அக்காவும் சிரித்தாள்.

அப்புறம் என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டாள். "நெஜமாவே பாத்தியாடா?"

"பாத்தேன்க்கா. அவருதான்."

சரி என்றாள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது கட்டியிருந்த பட்டுப்புடவையை மாற்றியிருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இன்னாம்மா, காலையிலதான தலைக்கு ஊத்திக்கின?" என்று அவள் மகள் கேட்டாள்.

"வெயிலு தாங்கலடி" என்றாள் அக்கா.

எங்கள் பக்கத்தில் சொந்தத்தில் சாவு விழுந்தால்தான் தலைமுழுகுவார்கள். ஊரான் சாவுக்கு யாரும் முழுகுவதில்லை.