தாய்மாமன் கை நனைத்த கதை

சர்க்கரை வந்தவனுக்கு ஓட்டலே ஒரு சோதனை. அவன் சைவக்காரனாகவும் இருந்து, மாவுச்சத்தைத் தொடுவதில்லை என்று சபதமும் எடுத்திருந்தால், மாமல்லபுரத்தில் அவன் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய பொருள் தேங்காய்ச் சட்னி ஒன்றுதான். (அதிலும் பொட்டுக்கடலை சேர்க்கிறார்கள். விசாரித்துவிட்டேன்.)

எனக்குச் சர்க்கரை என்று தெரிந்த புதிதில் டாக்டர் சோற்றைக் குறைக்கத்தான் சொன்னார். நான் யூட்யூப் பார்த்து அதை ஒழித்தே கட்டினேன். கல்பாக்கம் வீட்டில் காலையில் பனீர், மதியம் காலிஃபிளவரைத் துருவி வேகவைத்து அதற்குச் 'சாதம்' என்று பெயர். இட்லி சாப்பிடுகிறவர்களைப் பார்த்துப் பரிதாபப்படும் அளவுக்கு முற்றியிருந்தது. அலுவலகத்தில் என் தலை தெரிந்தாலே டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போனார்கள்.

அந்த லட்சணத்தில் இருக்கும்போதுதான் அக்கா மகள் கவிதாவின் கல்யாணப் பேச்சு வந்தது. படூரில் அவளோடு வேலை பார்க்கும் பையன். அவர்களே முடிவு செய்துவிட்டு எங்களுக்குத் தகவல் சொன்னார்கள். சாதி வேறு. அவர்கள் வீட்டில் அரை மனது, எங்கள் வீட்டில் முக்கால் மனது. யார் வீட்டுக்கு யார் முதலில் போவது என்ற வம்பே வேண்டாமென்று, ஊரப்பாக்கத்தில் இருந்த பையனின் அப்பா மாமல்லபுரத்தில் ஒரு சைவ ஓட்டலில் எங்களுக்கு இலைச் சாப்பாடு ஏற்பாடு செய்திருந்தார். அத்தான் காலமாகிவிட்டதால், பெண் தரப்பில் பேசவேண்டிய பெரிய மனுஷன் தாய்மாமனான நான். (என் மனைவி இதைக் கேட்டுவிட்டு உள்ளே போய்ச் சிரித்தாள்.)

பஸ்ஸிலேயே அக்கா எச்சரித்தாள். "சுகர்னு மட்டும் வாயத் தொறந்துடாத. மாமனுக்கு இந்த வயசுலயே கீதுன்னா, நாளைக்குப் பொண்ணுக்கும் வரும்னு பேசுவாங்க. ஏற்கெனவே அவங்களுக்கு மனசு ஆடிகினு இருக்கு."

சரி என்றேன். பொரியல், கூட்டு, மோர் என்று யாருக்கும் தெரியாமல் முடித்துக்கொள்வது என் திட்டம். தலைவாழை இலையில் எதையாவது யாருக்கும் தெரியாமல் செய்ய முடியும் என்று நம்பிய ஆள் நான்.

இலை போட்டார்கள். முதலில் ஜாங்கிரி வந்தது. எடுத்துவிடுங்கள் என்றேன். பையனின் அம்மா என்னைப் பார்த்தார். அடுத்து உருளைக்கிழங்கு வறுவல். வேண்டாம். அப்பளம் வேண்டாம். கூட்டில் என்ன பருப்பு, குருமாவில் சோளமாவு கரைத்திருக்கிறதா என்று வழக்கம்போல் விசாரணையைத் தொடங்கினேன். பரிமாறுகிறவர் கரண்டியோடு நின்றுவிட்டார். "இன்னா வோணும்னு சொல்லு அண்ணாத்த. வந்ததுலேருந்து வேணாம் வேணாம்னே சொல்லிகினு கீற" என்றார்.

பிறகு சோறு வந்தது. நான் இரண்டு கைகளையும் இலைமேல் விரித்து மறைத்துக்கொண்டேன்.

சம்பந்தம் பேசுகிற இடத்தில் கை நனைத்தால் சம்மதம், நனைக்காமல் எழுந்தால் இல்லை. இது தெரியாமல் எங்கள் பக்கத்தில் யாரும் வளர்வதில்லை. எனக்கும் தெரியும். ஆனால் காலிஃபிளவர் மூளைக்கு ஏறிய நிலையில் அது நினைவுக்கு வரவில்லை. பீன்ஸ் பொரியலை மென்றுகொண்டே நிமிர்ந்து பார்த்தால், எதிர்வரிசையில் எல்லோரும் இலையிலிருந்து கையை எடுத்திருந்தார்கள். (பொரியல் தின்பது கை நனைத்த கணக்கில் வராது போலும்.)

பையனின் அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "மாமனுக்கு மனசு இல்லனா நேரா சொல்லிடுங்க சார். இனிப்பயும் தள்ளிட்டீங்க, சோத்தயும் தொடல. நாங்க எப்டி மேல பேசுறது?"

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் இரண்டு கட்டளைகள் இருந்தன. ஏதாவது சொல், அதை மட்டும் சொல்லாதே. பையன் தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். கவிதா முகம் வெளுத்திருந்தது. என் விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவியைத் தன் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். "மாமாவுக்கு..." என்று அவள் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள்.

நான் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, அந்த ஜாங்கிரியைப் போடுங்கள் என்றேன்.

போட்டார். தின்றேன். அவர்கள் முகம் தெளிவதைப் பார்த்து இன்னொன்றும் தின்றேன். பிறகு சோறு. அதன்மேல் சாம்பார், ஒரு கரண்டி நெய். பல மாதம் கழித்து முதல் கவளம் உள்ளே போனது. அந்தச் சுகத்தை என்னால் எழுத முடியாது. துருவிய காலிஃபிளவரைச் சாதம் என்று கும்பிட்டுத் தின்ற நாட்களெல்லாம் கண்முன் வந்தன. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. துடைக்கக்கூட இல்லை, கை சோற்றில் இருந்தது.

"பாருங்க, பொண்ண அனுப்பப் போறோமேன்னு இப்பவே அழுவுறாரு. இந்த மனுஷனப் போயி தப்பா நெனச்சோமே" என்று பையனின் அம்மாவும் அழ ஆரம்பித்தார். அக்காவும் அழுதாள். பையனின் அப்பா எழுந்து வந்து தன் கையாலேயே எனக்குப் பாயசம் ஊற்றினார். அரை மனது முழு மனதாகிவிட்டது. ரசம், வத்தக்குழம்பு, மோர் என்று எல்லாச் சுற்றுக்கும் சோறு வாங்கி, அந்தப் பாசத்துக்கு நான் கடைசிவரை உண்மையாக நடந்துகொண்டேன். தேதி குறிக்கும் பேச்சில் நான் கலந்துகொள்ளவில்லை. நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். மறுநாள் காலையில் கருவியில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு கவிதா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கொஞ்ச நாளில் கவிதாவே புகுந்த வீட்டில் உண்மையை உடைத்தாள். சம்பந்தி புரையேறும் வரை சிரித்தாராம். அன்றிலிருந்து அவர்கள் வீட்டு விசேஷம் எதிலும் என் இலைக்குச் சோறு வருவதற்கு முன் கைக்குட்டை வந்துவிடும். நானும் இப்போது டாக்டர் சொன்னபடி ஒரு கரண்டிச் சோறு அளவாகச் சாப்பிடுகிற சாதாரண மனிதன்தான். யார் நம்புகிறார்கள்? போன மாதம் கவிதாவின் மகள் பிறந்தநாளுக்குப் போயிருந்தேன். முதல் வாய் வைத்ததும் அந்தக் குழந்தை என் முகத்துக்கு அருகில் வந்து உற்றுப் பார்த்துவிட்டு, "தாத்தா இன்னும் அழலயே" என்று ஏமாற்றத்தோடு எல்லோருக்கும் அறிவித்தது.

கவிதா மட்டும் ஒவ்வொரு முறையும் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்பாள். "உண்மையச் சொல்லு மாமா. அன்னிக்கி அழுதது எனக்கா, சோத்துக்கா?"

உனக்குத்தான் என்பேன். பொய் என்று சொல்லிவிட்டு, என் இலையிலிருக்கும் இனிப்பை எடுத்துத் தன் இலையில் வைத்துக்கொள்வாள்.