விருத்தகிரி படித்த நாலு கால்பந்துப் புத்தகங்கள்

"சார், எங்க வூட்டுக்காரர் வாயைக் கொஞ்ச நேரம் மூடி வெக்கிற மாதிரி ஒரு புக்கு இருந்தா குடுங்க சார்."

ஸ்டேஷன் ரோட்டில் ஒரு மாடியில் இயங்கும் அந்தச் சின்ன வாசகசாலையில் இப்படி ஒரு புத்தகத்தை யாரும் கேட்டதில்லை. நூலகர் கோகுலகிருஷ்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஆன்மிகமா பார்க்கட்டுமாக்கா? அவருக்கு ஒடம்பு கிடம்பு ஏதாச்சும் சரியில்லையா?"

"அவருக்கென்ன, கல்லு மாதிரி இருக்காரு. எனக்குத்தான் சரியில்ல."

அன்புக்கரசி மடமடவென்று கொட்டித் தீர்த்தாள். பீங்கான் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக கோப்பைகளை மெருகுக் குழம்பில் முக்கியெடுக்கும் பிரிவில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறாள். இப்போது சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியாகியிருக்கிறது. ஏழு பேர் போட்டி. அடுத்த மாசம் முதல் திங்கட்கிழமை எழுத்துப் பரீட்சை. தேறினால் ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலி. பன்னிரண்டு வருஷம் நின்ற காலுக்கு அந்த நாற்காலியைத் தவிர வேறு எந்த ஆசையும் கிடையாது.

புருஷன் விருத்தகிரிக்குப் பெண்ணாடம் பக்கம் கரும்பு ஆலையில் எடைமேடை உத்தியோகம். அரவை முடிந்துவிட்டதால் ஆள் வீட்டோடு கிடக்கிறார். சாயங்காலம் இவள் நோட்டைத் திறந்தால் அவர் செல்போனில் கால்பந்து ஆட்டத்தைத் திறக்கிறார். எந்த நாட்டிலோ எவனோ உதைத்த பந்துக்கு இங்கே அலமாரி டம்ளர் அதிர்கிற மாதிரி "கோல்!" என்று ஒரு கத்தல்.

"சூளையில எத்தன டிகிரின்னு படிக்க உட்கார்ந்தா, 'ரெண்டுக்கு ஒண்ணு, ரெண்டுக்கு ஒண்ணு'ன்னு காதுல விழுது சார். நேத்து நோட்டுல அதையே எழுதி வெச்சிருக்கேன்."

கால்பந்து என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், கோகுலகிருஷ்ணன் எழுந்தே விட்டார். மனுஷன் காலேஜ் டீமில் ஆடியவர். இந்த ஊருக்கு வந்த மூன்று மாசத்தில் அதைப் பற்றிப் பேச ஒரு ஜீவன் கிடைக்கவில்லை.

"அக்கா, நீங்க சரியான எடத்துக்கு வந்திருக்கீங்க! விளையாட்டுக்காரங்க எழுதுன சுயசரிதை மாதிரி ஒரு மருந்தே கிடையாது. அதுலயும் ஃபுட்பால்காரன் எழுதுனான்னா, கண்ணுல தண்ணி வராம மூட முடியாது. செல்போனா? தூக்கி மூலையில போட்டுடுவாரு!"

அலமாரியிலிருந்து தடியாக ஒன்றை உருவினார். தகரக் கொட்டகையில் பிறந்து, துணியைச் சுருட்டிப் பந்தாக உதைத்து, உலகக் கோப்பை வரை போன ஒருவரின் வாழ்க்கை. தமிழில் வந்திருந்தது.

சாயங்காலம் விருத்தகிரி முதல் பக்கத்தைப் புரட்டினார். கொஞ்ச நேரம் விழித்தார். அட்டையைத் திருப்பி ஒரு தரம் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார். அப்புறம் செல்போனை அணைத்துவிட்டு, புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் அப்படி ஒரு அமைதி. அன்புக்கரசிக்குக் கோகுலகிருஷ்ணனைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அந்தச் சந்தோஷம் விடியற்காலை ஐந்தரை மணி வரைதான் நீடித்தது.

தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம். தினமும் எட்டுக் குடம் பிடித்து வைப்பது விருத்தகிரியின் ஒரே வீட்டு வேலை. அவரோ அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக வாசலில் நின்றார்.

"எங்கங்க கெளம்பிட்டீங்க? கொடம் அப்படியே கெடக்குது."

"நாப்பத்தி ரெண்டாம் பக்கத்துல தெளிவா எழுதியிருக்கான் அன்பு. சூரியன் வர்றதுக்கு முன்னாடி எவன் ஓடுறானோ அவன்தான் ஜெயிப்பானாம். படிச்சா மட்டும் போதுமா? வாழ்ந்து பார்க்க வேணாமா?"

மணிமுத்தாற்றுப் பாலம் வரை ஓடுவதாகப் போனவர் ஏழரைக்குத் திரும்பினார். நாலு முட்டை வேக வைக்கச் சொன்னார். அதற்கும் ஒரு பக்கம் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கே படுத்து, ஆட்டக்காரனுக்குத் தூக்கம்தான் பாதிப் பயிற்சி என்று சொல்லிவிட்டுக் குறட்டை விட்டார். எட்டுக் குடம் அன்புக்கரசி இடுப்புக்கு வந்தது. நோட்டு மூன்றாம் பக்கத்திலேயே நின்றது.

சேத்தியாத்தோப்பிலிருந்து அவளுடைய அம்மா சொர்ணாம்பாளை ஒத்தாசைக்கு வரவழைத்தாள். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் மாடிப்படி ஏறினாள்.

"ஓட ஆரம்பிச்சிட்டாரா!" கோகுலகிருஷ்ணனுக்குப் புல்லரித்துவிட்டது. "பார்த்தீங்களா, எழுத்துக்கு எவ்ளோ சக்தின்னு? ஆனா தனி ஆட்டக்காரன் கதைய மொதல்ல குடுத்தது என் தப்புதான். அதுல 'நான், நான்'னுதான் வரும். கோச் எழுதுனத எடுத்துட்டுப் போங்க. பதினோரு பேரும் ஒருத்தருக்கொருத்தர் எப்படித் தோள் குடுக்கணும்னு சொல்லியிருப்பாரு. படிச்சா ஓடியாந்து ஒங்களுக்குக் காய் நறுக்குவாரு."

"பழைய புக்க திருப்பிக் குடுக்க மாட்டேங்குறாரு சார். கையில வெச்சுக்கிட்டு இன்னொரு தரம் படிக்கணும்ங்குறாரு."

"இருக்கட்டும், இருக்கட்டும். நாலு புக்கு வரைக்கும் வெச்சிக்கலாம்."

விருத்தகிரி காய் நறுக்கவில்லை. சமையலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கையில் புத்தகமும் கழுத்தில் துண்டுமாக உட்கார்ந்துகொண்டார்.

"அத்தை, நீங்க கோல்கீப்பர். அடுப்ப விட்டு அந்தாண்ட இந்தாண்ட நகரப்படாது. ஒரு தோசை கருகுனா நமக்கு ஒரு கோல் விழுந்த மாதிரி. அன்பு, நீ நடுக்களம். அம்மிக்கும் குழாய்க்கும் நடுவுல ஓடிக்கிட்டே இருக்கணும்."

"அந்தத் தேங்காயைக் கொஞ்சம் துருவிக் குடுங்களேன்."

"கோச்சு கோட்ட தாண்டி உள்ள வரவே கூடாது! ரூல் தெரியாமப் பேசாத."

"மாப்ள, எந்திரிச்சு அந்தத் தண்ணிக் கொடத்தையாச்சும்..." என்றாள் சொர்ணாம்பாள்.

"அத்தை, நூத்திப் பத்தாம் பக்கம். 'நான் என் வாழ்நாளில் ஒரு தடவை கூடப் பந்தைத் தொட்டதில்லை. அதுதான் என் வெற்றியின் ரகசியம்.' எப்பேர்ப்பட்ட வார்த்தை!"

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் தினம் ஒரு மீட்டிங். யார் எங்கே சொதப்பினார்கள் என்று அலசல். சாம்பாரில் உப்பு கூடியதற்கு நடுக்களத்தில் கவனக்குறைவு என்று தீர்ப்பு. நோட்டு ஐந்தாம் பக்கத்துக்கு வந்திருந்தது. அதுவும் கம்பெனியில் டீ நேரத்தில் படித்தது.

மூன்றாவது வாரம் கோகுலகிருஷ்ணன் கன்னத்தில் கை வைத்து யோசித்தார்.

"அதிகாரம் தலைக்கேறிடுச்சு. பரவால்லக்கா, இருக்குது ஒண்ணு. ரெஃப்ரி தன் கதைய எழுதுனது. ரொம்ப அபூர்வம். நியாயம்னா அப்படி ஒரு நியாயம்! சொந்த மச்சானையே வெளிய அனுப்புன ஆளு. படிச்சார்னா மனசாட்சி உறுத்தும்."

மனசாட்சி எங்கே உறுத்தியதோ தெரியாது. மறுநாள் மஞ்சள்தூள் பாக்கெட் வந்த அட்டையையும் பழைய சிவப்புக் கல்யாணப் பத்திரிகை ஒன்றையும் கச்சிதமாக வெட்டி, விருத்தகிரி சட்டைப் பையில் செருகிக்கொண்டார். வாயில் ஒரு விசில்.

"என்னங்க, கேஸ் தீரப் போவுது, ஒரு போன் பண்ணிச் சொல்..."

பீ...ப்! மஞ்சள். ஆட்டத்தின் நடுவே நடுவரிடம் வாக்குவாதம்.

"துணி காயப்போட ஒரு கை புடிங்களேன்."

பீ...ப்! மறுநாள் ஆட்டத்தில், நடுவரைத் தொட முயன்ற குற்றம்.

சொர்ணாம்பாள் மூன்று நாள் பல்லைக் கடித்தாள். மாப்பிள்ளையாயிற்றே. நாலாவது நாள் குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தவளுக்கு மூச்சு வாங்கியது. விருத்தகிரி வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடிகாரம் பார்த்து நின்றார்.

"மாப்ள, எனக்கு அறுவத்தி நாலு வயசு. எட்டுக் கொடத்துல நாலாச்சும் நீங்க தூக்கப்படாதா?"

மஞ்சள் அட்டை உயர்ந்தது.

"இதென்ன மாப்ள அநியாயமா இருக்குது! ஒங்கப்பாவும் இப்படித்தான், நல்ல நாள்லயே துரும்பக் கிள்ளிப் போட மாட்டாரு!"

"ரெண்டாவது மஞ்சள்," என்றார் விருத்தகிரி மிகுந்த வருத்தத்தோடு, "ரூல்படி வெளிய..." என்று கல்யாணப் பத்திரிகையை உருவி உயர்த்தினார். விசில் நீளமாக ஊதியது.

சொர்ணாம்பாள் குடத்தை நடுவாசலில் வைத்தாள். பையில் நாலு சேலையைத் திணித்தாள்.

"நான் பெத்து வளத்து கட்டிக் குடுத்த வூட்டுல எனக்குச் செவப்புக் காகிதம் காட்டுறாருடி ஒன் புருஷன்! எட்டரை பஸ்ஸுக்குப் போறேன். நீயும் வர்றதுன்னா வா."

"அம்மா, இன்னும் பத்து நாள்தாம்மா. பரிச்சை முடியட்டும்மா."

"ஒனக்குப் பரிச்சை பரமசிவன் வெச்சிட்டான்டி, தாலி ஏறுன அன்னிக்கே."

போய்விட்டாள். அன்புக்கரசி பீங்கான் கம்பெனி சீருடையோடு வாசற்படியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். அவளுக்குப் புருஷன் மேல் கோபம் வரவில்லை, தன் மேல்தான் வந்தது. நல்லாயிருந்த மனுஷன். கத்தினாலும் எட்டுக் குடம் தண்ணீர் பிடித்தார். புத்தகம் புத்தகமென்று கொண்டுவந்து கொடுத்து நாம்தானே கெடுத்தோம்? அதில் என்னதான் மந்திரம் எழுதியிருக்கிறது என்று பார்க்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

கடைசியாக ஒன்று என்று கோகுலகிருஷ்ணன் நாலாவதைக் கொடுத்தார். பெரிய கிளப்பில் பதினைந்து வருஷம் பெஞ்சிலேயே உட்கார்ந்து, ஒரு தரம்கூட ஆட இறங்காத ஒருவரின் சுயசரிதை.

"பணிவுன்னா இதுதாங்கக்கா. எவ்ளோ துள்ளுறவனும் இதப் படிச்சா அடங்கிடுவான்."

விருத்தகிரி அடங்கினார். விசிலும் இல்லை, மீட்டிங்கும் இல்லை. கூடத்துப் பெஞ்சில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்னங்க, தண்ணி வந்திடுச்சு."

"நான் ரெடியாத்தான் இருக்கேன் அன்பு. ஆனா இப்ப ஆடிக்கிட்டு இருக்கிறது நீ. நீ நல்லா ஆடுறப்ப நான் உள்ள எறங்குனா, அது ஒன்னய அவமானப்படுத்துற மாதிரி. முடியலன்னா சொல்லு."

"முடியலங்க."

"இப்படிச் சொல்றவங்கதான் கடைசி நிமிஷத்துல கோல் போடுவாங்களாம். எரநூத்தி ஆறாம் பக்கம்."

அதோடு கண்ணை மூடிக்கொண்டார்.

சனிக்கிழமை வந்தது. திங்களன்று பரீட்சை. நோட்டு ஒன்பதாம் பக்கத்தில் நின்றது, மொத்தம் எண்பது. புருஷன் தூங்கும்போது நாலு புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டு அன்புக்கரசி மாடிப்படி ஏறினாள். மேஜையருகே போனதும் பையை அப்படியே கவிழ்த்தாள். உதவியாளர் நீலாவதி அவற்றை வாரிக்கொண்டு பதிவு செய்யப் போனாள்.

"போதும் சார். எனக்கு அந்த நாற்காலியே வேணாம். பேரை எடுத்துடச் சொல்லி மேனேஜருக்குப் போன் பண்ணப் போறேன். அடுத்த தடவ பார்த்துக்கலாம்."

கோகுலகிருஷ்ணனுக்கு மனசு கேட்கவில்லை. அவர் கண்கூடக் கலங்கிவிட்டது.

"அவரு மேல வருத்தப்படாதீங்கக்கா. நானும் எவ்ளோ பேருக்குப் புக்கு குடுத்திருக்கேன், முன்னுரையத் தாண்டுன ஆள் கெடையாது. இவரு ஒவ்வொரு வரியையும் வாழ்ந்து பார்த்திருக்காரு! பக்கம் நம்பர் சொல்றாருன்னா சும்மாவா? இந்த ஆண்டு விழாவுல சிறந்த வாசகர்னு அவருக்குத்தான் சால்வை. நான் முடிவே பண்ணிட்டேன்."

அன்புக்கரசிக்கு அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. என்ன இருந்தாலும் படிப்பாளி புருஷன். ஒருத்தர் படிக்கிற வீட்டில் இன்னொருத்தர் விட்டுக்கொடுத்துத்தானே ஆக வேண்டும். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, செல்போனில் மேனேஜர் நம்பரைத் தேடி எடுத்தாள். விரல் பச்சைப் பொத்தானுக்குப் போனது.

அப்போது புத்தகக் கட்டோடு நீலாவதி திரும்பி வந்தாள்.

"சார், பைண்டிங்குக்குப் போன ரெண்டு கட்டுக்கும் அட்டைய மாத்தி ஒட்டி அனுப்பிட்டாங்க போல! கறவ மாடு வளர்ப்பு புக்கு எடுத்துட்டுப் போன கருவேப்பிலங்குறிச்சிக்காரரு, உள்ள பூரா ஃபுட்பால்தான் இருக்குதுன்னு கீழ நின்னு சத்தம் போடுறாரு. இந்தக்கா கொண்டாந்த நாலுலயும் மொதப் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வெறும் மாடுதான் சார் இருக்குது!"