மேல வீட்டுக் குளவி

"மேல வீட்டுக் குளவி தினமும் கொட்டுகிறது. செயலாளர் உடனே கவனிக்கவும்."

புகார் நோட்டில் இப்படி எழுதி வைத்துவிட்டு, கீழ்த்தளத்து மரகதவல்லி மாமி திருப்பதிக்குப் போய்விட்டார். போனும் அணைந்திருந்தது.

ஸ்ரீரங்கத்து அடுக்ககத்தின் செயலாளர் சேஷு அதை இரண்டு முறை படித்தார். மாமி வீட்டுக்கு நேர் மேலே அவர் வீடு. வெள்ளிக்கிழமை மகள் சுபஸ்ரீ கைக்குழந்தையோடு வருவதாக இருந்தாள். பேரனை அவர் இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறார்.

"குளவி இருந்தா நான் வரலைப்பா" என்று சொல்லிவிட்டாள் மகள்.

அடுக்ககத்தில் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் மூவர்: தரைப்படை சகாயநாதன், கடற்படை ரெஜிஸ், விமானப்படை ஜகன்னாத். மூவரையும் சேர்த்துக் கூப்பிட்டதுதான் சேஷு செய்த தப்பு.

"முப்படையும் சேர்ந்து அடிக்கணும்னா அதுக்கு ஒரு முறை இருக்குங்க" என்றார் சகாயநாதன். "இலக்கு இதுதான்னு மூணு பேரும் கையெழுத்துப் போடணும். இல்லைன்னா நம்ம ஆளை நாமே அடிச்சுருவோம்."

'மேல வீடு' என்று எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். அது எந்த வீடு என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

வியாழன் காலை பத்து மணிக்குத் தாக்குதல்.

மேலச் சித்திரை வீதி மேற்கே இருப்பதால் மேல வீடும் மேற்கு வீடுதான் என்று சகாயநாதனின் கணக்கு. பூட்டிக் கிடந்த மேற்கு வீட்டு வாசலில் வேப்பிலைப் புகை போட்டார். காற்று அதை அப்படியே சேஷு வீட்டு ஜன்னலுக்குள் தள்ளியது. கீழே ஹோஸ் பைப்போடு நின்ற ரெஜிஸ், புகை தெரிந்த இடம்தான் குறி என்று தண்ணீரைப் பீய்ச்சினார். பேரனுக்கு வாங்கிய மெத்தை தொப்பலாக நனைந்தது.

விமானப்படைக்கு மேலே என்றால் மேலேதான். ஜகன்னாத் மொட்டை மாடியிலிருந்து சேஷுவின் பால்கனியைப் பார்த்து ஒரு வாளி மஞ்சள் பொடியைக் கொட்டினார். அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்தாள் சேஷுவின் மனைவி கமலினி.

"முப்படையாம்! மூணு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை கிடையாதா?" என்று உச்சி முதல் பாதம் வரை மஞ்சளாக நின்று கத்தினாள். "இந்த லட்சணத்துல எங்காத்து மனுஷர் செயலாளர் வேற!"

எல்லையைக் காத்த மூவரும் தலை குனிந்து நின்றார்கள்.

சேஷுவுக்கு அழுகையே வந்துவிட்டது. 'இப்போது வராதே' என்று மகளுக்குச் செய்தி அடித்துக்கொண்டிருந்தபோது, லட்டுப் பையோடு ஆட்டோவிலிருந்து இறங்கினார் மரகதவல்லி மாமி.

"மாமி, மேற்கேயும் பார்த்தாச்சு, மேலேயும் பார்த்தாச்சு. ஒரு குளவியைக்கூடக் காணோம். கூடு எங்கதான் இருக்கு?"

பால்கனியில் இன்னும் கத்திக்கொண்டிருந்த கமலினியை மாமி நிமிர்ந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கூடாவது ஒண்ணாவது! குழந்தையை வரச் சொல்லுடா சேஷு. அவா குறி தப்பாமத்தான் அடிச்சிருக்கா. நான் எழுதினது ஒன் ஆத்துக்காரியை!"