ஒரு சொல் குறைந்த மாப்பிள்ளை

மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்கள் தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதுதான், குப்பை வண்டி வாசலிலேயே நிற்பதை ராணியம்மாள் பார்த்தாள். அடித்துப் பிடித்து அதை மாட்டுக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டுபோய், கைக்குக் கிடைத்த போர்வையால் மூடினாள்.

மகன் அஜித்குமாருக்குக் களமருதூர் ஊராட்சியில் வேலை. வீடு வீடாகக் குப்பை வாங்குகிறவருக்கு அரசாங்கம் வைத்த பெயர் தூய்மைக் காவலர். ஆனால் குப்பை என்று காதில் விழுந்ததுமே வந்த வரன்களெல்லாம் பறந்துவிட்டன. அதனால் இந்த முறை தரகரிடம் ‘தூய்மை’யை மட்டும் முழுங்கிவிட்டு, பையன் காவலர் என்று சொல்லிவிட்டாள். பொய்யில்லையே, பாதி உண்மைதானே. மகனுக்கு, வாயைத் திறந்தால் சோறு கிடையாது என்று உத்தரவு.

சின்னசேலத்திலிருந்து வந்த பெண்ணின் அப்பா தெய்வசிகாமணி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கூட வந்த அவர் தங்கை காசியம்மாள் அஜித்குமாருக்கு எதிரே பாயில் உட்கார்ந்தாள்.

“தம்பிக்கு டூட்டி எங்கம்மா?”

“இந்த ஊருதான் அண்ணே. விடிஞ்சா தெருத்தெருவா போவணும்.”

“ஓ, ரோந்தா? ஜாஸ்தி மாட்டுமா?”

“தெனம் வண்டி நெறைய ஏத்திக்கினு வந்துடுவான்.”

“ஏத்திக்கினு வந்து?”

“தரம் பிரிச்சி உள்ள போட்டுடுவான்.”

தெய்வசிகாமணி டீ தம்ளரைக் கீழே வைத்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மனுஷன் நம்பவில்லை போலிருக்கிறது என்று ராணியம்மாளுக்குப் பட்டது. அத்தாட்சி காட்டியாக வேண்டும். ஆணியில் தொங்கிய மகனின் விசிலை எடுத்து, “இது அவனுக்கு அங்க குடுத்தது” என்று ஓங்கி ஓர் ஊது ஊதினாள்.

நுணலும் தன் வாயால் கெடும். ராணியம்மாள் விசிலால் கெட்டாள்.

தெரு முழுக்கக் கதவுகள் திறந்தன. பச்சை வாளியும் நீல வாளியுமாகப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எதிர்வீட்டு இருசம்மாள் நேராகக் கூடத்துக்குள்ளேயே நுழைந்தாள்.

“இன்னா அஜித்து, இன்னிக்கி இவ்ளோ லேட்டு? மீன் செதிலு நாறிக்கினு கெடக்குது.”

பழக்கதோஷம். அஜித்குமார் எழுந்து வாளியை வாங்கிக்கொண்டான்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? ராணியம்மாள் விசிலை ஆணியிலேயே மாட்டினாள். அவன் போலீஸ் இல்லை, தூய்மைக் காவலர், குப்பை வாங்குகிறவன், முதல் வார்த்தையை நான்தான் முழுங்கிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டாள். இந்த வரனும் போயிற்று, பிள்ளை கடைசிவரை தனிமரம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

தெய்வசிகாமணி தங்கையைப் பார்த்தார். காசியம்மாள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

“இத மொதல்லயே சொல்லக் கூடாதாக்கா? எங்க வூட்ல போலீசுன்னாலே எல்லாருக்கும் ஒதறலு. போலீசு மாப்பிள்ள வேணாம்னு போன்ல சொன்னா கோச்சிக்குவாங்கன்னு பயந்துக்கினுதான் நேர்ல வந்தோம். குப்பைன்னு சொல்லியிருந்தா வெத்தல பாக்குத் தட்டோட வந்திருப்போமே.”